அக்காவின் ஓரக்குறிப்புகள்

1. துபாயில் வேலை செய்த பெரியம்மா மகன் தன் பழைய மடிக்கணினியை எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். எங்கள் கணினிப் பரீட்சைக்காக அவர் வாங்கிய மின்னூல் ஒன்று அதில் இருந்தது.
2. அக்காவும் நானும் அதில்தான் படித்தோம். பக்க ஓரங்களில் அவள் எனக்குக் குறிப்புகள் தட்டி வைப்பாள்.
3. அக்கா காய்ச்சலில் இறந்தாள்.
4. கருமாதிக்கு முன் அவளுடைய பாய், தலையணை, துணிகளோடு அவள் எழுதிய கொப்பிகளையும் அம்மா எரிக்கக் கொடுத்தார். போனவர்களின் பொருள் வீட்டில் தங்கக்கூடாது என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் வழக்கம்.
5. நான் தடுக்கவில்லை. மின்னூலில் அவள் எழுதியது இருக்கிறதே என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மாலையில் ஒரு குறிப்பை வாசித்துக் காட்டுவேன். “இதப் படிக்காம தூங்குன, காதத் திருகிருவேன்.” “இந்த விளக்கம் நம்ம கண்டாக்கையா பேச்சு மாதிரிடி, முடியவே முடியாது.” தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையாவை நினைத்து அம்மா சிரிப்பார். பிறகு, அவள் உள்ளே இருப்பதுபோல, திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

குறிப்புகளைப் பிரதி எடுக்க விரும்பினேன். அதற்கு இணைய இணைப்பு வேண்டும் என்றது மென்பொருள். கொட்டகலையில், தோட்டக் கம்பெனிக்குச் சொந்தமான எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் அந்த வசதி இல்லை. பரீட்சைக்குப் பிறகு நான் கற்பிக்கத் தொடங்கியிருந்த ஹட்டன் கணினி நிலையத்துக்கு மடிக்கணினியைப் பஸ்ஸில் எடுத்துப்போய் இணையக் கேபிளைச் செருகினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நூலின் அட்டை சாம்பல் நிறமானது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

மின்னூலை விற்ற இணையக் கடைக்கு எழுதிக் கேட்டேன். அந்த நூலை விற்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லையாம். திரும்பப் பெற்றுவிட்டார்களாம். குறிப்புகளும் நூலோடு நீங்கிவிடுமாம்.

“அவன் நம்ம காம்பராவுக்குள்ள வந்தானா?” என்று அம்மா கேட்டார்.

“வரலம்மா. அங்க இருந்தே எடுத்துட்டான்.”

“காசு குடுத்து வாங்குனதுதான?”

“படிக்கத்தான் விட்டிருந்தானாம். சொந்தமில்லையாம்.”

“அப்ப இந்தக் காம்பரா மாதிரின்னு சொல்லு. இருக்கலாம், நம்மளுது இல்ல.” பிறகு, “கொப்பிய நாந்தான் எடுத்துக் குடுத்தேன். இத யாரு குடுத்தா?” என்றார்.

கேபிளைச் செருகியது நான்.

இப்போது சாம்பல் அட்டை திரையில் அப்படியே இருக்கிறது. நினைவிலிருந்த பதினொரு குறிப்புகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது தெரியும். என்னவென்று தெரியவில்லை. அக்கா தன் கையால் எழுதியது எதுவும் எங்கள் வீட்டில் இல்லை.