வெயிலுக்கு ஊர் பார்த்த மேனேஜர்

எங்கள் மேனேஜருக்கு ஊர் குறிக்க அவர் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுதான் வேண்டும். பங்குனி பிறந்ததும் மீட்டிங் அறைச் சுவரில் ராஜஸ்தான் வரைபடத்தை மாட்டி, அதன் மேல் ஒவ்வொரு சிவப்புப் பொட்டாக ஒட்ட ஆரம்பிப்பார். ஊரே ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ரூம் கிடைக்குமா என்று அலைகிற காலத்தில், ஒரகடத்தில் ஒரு கூட்டம் மட்டும் எந்தப் பாலைவன ஊரில் வெயில் அதிகம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கார் செய்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவு என்றால் அப்படித்தான். புது மாடலை விற்பனைக்கு விடுமுன் கொதிக்கிற ஊரில் கொண்டுபோய் வறுத்தெடுத்து, இஞ்சின் தாங்குகிறதா, ஏ.சி. குளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஒரகடம் வெயிலும் லேசுப்பட்டதில்லை. ஆனால் இங்கே வேர்க்கும், அங்கே காயும். அந்தக் காய்ச்சல்தான் வேண்டும் என்பார் மேனேஜர்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. அந்த வருஷக் காரில் எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு குளிர்காற்று வரவேண்டும் என்று தீர்மானித்த வேலை முழுக்க என்னுடையது. ஆனாலும் பெண்களை வெயில் பயணத்துக்குக் கூட்டிப்போகிற வழக்கம் கிடையாது. ஆண்கள் போய் அளந்து அனுப்புவார்கள், நாங்கள் இங்கே உட்கார்ந்து பார்ப்போம். நான் பெற்ற பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மார்க் வாங்கிக்கொண்டு வருகிற கதைதான். எனக்கு அது ஆறவே இல்லை. நானும் வருகிறேன் என்று கூட்டத்தில் கேட்டேவிட்டேன். உடனே ஒரு சிரிப்பு. வழக்கமாகப் போகிற எல்லையோரச் சிற்றூரில் இருந்தது ஒரே லாட்ஜ், அதிலும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஹால், குளியலறை வெளியே. “பொண்ணு எங்க தங்கும்?” என்றார் ஒரு சீனியர். “ஒரு ஆளுக்காக ஊரையே மாத்த முடியுமா?” என்று அவரே முடித்தும் வைத்தார். மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஹாஸ்டலுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்த எல்லையூரின் மேலிருந்த பொட்டைக் காணோம். பிகானேர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் மூன்றின் மேல் மட்டும் பொட்டு இருந்தது. மூன்றும் லாட்ஜுக்குப் பஞ்சமில்லாத ஊர்கள். ஏன் சார் என்று கேட்டவர்களிடம், “எனக்கு வயிறு சரியில்லப்பா. வெளி பாத்ரூமெல்லாம் இனிமே நமக்கு ஆகாது” என்றார். பிறகென்ன, கேன்டீனில் அவர் தட்டைத் தூக்கினாலே கிண்டல்தான். “சாருக்கு மோர் சாதம் போடுங்கப்பா, வயிறு!” என்பார்கள். அவரும் அசடு வழியச் சிரித்துக்கொள்வார். தங்க வசதியிருக்கிற ஊர் என்றானபின் என்னைத் தடுக்க யாருக்கும் காரணம் இல்லை. அவர் வயிற்றுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவ்வளவு மண்டு நான்.

வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியைக் கிளப்பினோம். பிகானேரில் இறங்கியபோது தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்த மாதிரி இருந்தது. அங்கே செய்ய வேண்டியது இதுதான்: கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காரை வெட்டவெளியில் மத்தியானம் வரை காயவிட வேண்டும். உள்ளே அடுப்பாகக் கொதித்தபின் ஏறி உட்கார்ந்து ஏ.சி.யைப் போட்டு, எவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது என்று அளக்க வேண்டும். எங்களோடு வந்த டிரைவர் அண்ணன் பிள்ளைப்பாக்கத்துக்காரர், கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கு இந்தப் பயணம் புதுசு. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், கார் வேப்பமர நிழலில் ஜம்மென்று நிற்கிறது. கண்ணாடியெல்லாம் இறங்கியிருக்கிறது, நான் உட்கார வேண்டிய சீட்டின் மேல் நனைத்துப் பிழிந்த துண்டு.

“இன்னாமா பண்றது, உள்ள கை வெக்க முடியல. நீ குந்தப் போற எடமாச்சே, மனசு கேக்கல. அதான் நெழல்ல வுட்டேன்” என்றார் அண்ணன். அவரை என்னவென்று திட்டுவது? நம் ஊரில் வண்டியை வெயிலில் விடுகிறவனுக்குத்தான் திட்டு விழும். ஆனால் அன்றைய சோதனை போச்சு. கூட வந்திருந்த அதே சீனியர், என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: “பொண்ணு வந்தா இப்படித்தான். சோதனையா பண்றோம், சேவைதான் பண்றோம்.” இந்தப் பேச்சு ஒரகடம் போய்ச் சேர்ந்தால் என் கதை முடிந்தது. எனக்குப் பின்னால் வருகிற பெண்ணுக்கும் இந்தப் பாதை அடைபட்டுவிடும்.

அப்போது, எங்களோடு வந்திருந்த மேனேஜருக்குப் பெரிய அதிகாரியிடமிருந்து போன் வந்தது. அவர் ரோட்டோரக் கடையில் நின்றுகொண்டிருந்தார். கையில் உருளைக்கிழங்கு அடைத்த மிளகாய் பஜ்ஜி, எண்ணெய் சொட்டச் சொட்ட. “இன்னைக்கு ரீடிங் எடுக்கல சார். எனக்கு வயிறு சரியில்ல. ஒரு நாள் சேத்து இருந்துட்டு வர்றோம்” என்றார். போனைப் பையில் போட்டார். பஜ்ஜியைக் கடித்தார். இன்னொன்று கொடு என்று கடைக்காரரிடம் ஜாடை காட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வயிறு சரியில்லாத மனுஷன் தின்கிற தீனியா அது? எனக்காக ஊரை மாற்றினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, அத்தனை கிண்டலையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணில் நீர் முட்டியது. “என்னம்மா பாக்குற? ஒண்ணு சாப்பிடு, நல்லாருக்கு” என்றார். நானும் ஒன்று வாங்கிக் கடித்தேன்.

மறுநாள் கார் சொன்னபடி வெயிலில் கிடந்து காய்ந்தது. மேனேஜர் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தார். நான் முன்னால் ஏறி ஏ.சி.யைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து, “குறைச்சு வையும்மா, குளுருது” என்று குரல் வந்தது. அதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

அவர் ஓய்வு பெற்று மறைமலை நகரில் இருக்கிறார். வெயிலுக்கு ஊர் பார்ப்பது இப்போது என் வேலை. இந்தக் கோடைக்கான கூட்டத்தில், அந்த எல்லையூரில்தானே வெயில் அதிகம், அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் கேட்டார். “அங்க பொண்ணுங்க தங்க இடமில்ல” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. “சரி மேடம், அடுத்த ஊர்” என்று பேச்சு நகர்ந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் அவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன், இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த நன்றியையும் சொன்னேன்.

“பொய் சொல்லாமயே ஒத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டார்.