மரத்துப்போனது அவருக்கு, பழி எனக்கு

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது நாலு. மூன்று பெண், ஒரு ஆண். இந்த நாலும் லேகியத்தால் பிறந்தவர்கள் என்று எங்கள் சொந்தபந்தத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் காதுபடவே ஒருவன் அதைச் சொன்னான். எழுந்து அவன் இலையை மடித்துவிடலாமா என்று இருந்தது. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பத்தொன்பது, என் வீட்டுக்காரருக்கு இருபத்தாறு. வீடு பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கம். வேலை கணபதியில், தண்ணீர் மோட்டாருக்குச் சாமான் கடைகிற பட்டறையில். போக ஒன்பது மைல், வர ஒன்பது மைல், சைக்கிள்தான். சைக்கிள் எங்கள் கல்யாணத்துக்கு என்னைப் பெற்ற அய்யன் கொடுத்தது. சீட்டு கெட்டித் தோல். அதன் மூக்கை மேலே தூக்கிவைத்து ஓட்டினால்தான் ஆம்பளைக்கு லட்சணம் என்று பட்டறையில் எவனோ சொல்லிவைத்திருந்தான்.

முதல் ஐந்தாறு மாதம் எல்லாரையும் போலத்தான் இருந்தோம். அப்புறம் விலக ஆரம்பித்தார். பக்கத்தில் வருவார், பாதியில் எழுந்து போய்விடுவார். கேட்டால் அசதி என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் சந்தைக்குப் போயிருந்த பகலில், விடாமல் கேட்டேன்.

“ஏனுங்க, என்னையப் புடிக்கலீங்களா?”

“புடிக்காம என்ன. தொட்டாத் தெரிய மாட்டேங்குது. மரத்துப்போன காலத் தொட்டாப்புல இருக்குது.”

“எப்ப இருந்துங்க?”

“யாருக்குத் தெரியும். இத வெளிய சொல்லிப்போட்டீன்னா நான் கெணத்துல உழுந்துருவேன்.”

நான் சொல்லவில்லை. அந்தப் பொறுமை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இரண்டு வருஷம் ஆனது. வயிற்றில் ஒன்றுமில்லை. மாமியார் அக்கம்பக்கத்துப் பெண்களிடம், எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்: “வெதை மேல குத்தமில்லீங்க. மண்ணு களரு. என்ன வெதைச்சு என்ன பண்ண?” என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கம்மஞ்சோறு தின்றுகொண்டிருப்பார். குறை யாரிடம் என்று தெரிந்த ஒரே மனுஷர் அவர்தான். தலையை நிமிர்த்தமாட்டார். மாமியார் சொன்னதை எப்போதோ விட்டுவிட்டேன். தெரியாமல் பேசினவள் அவள். அந்தக் குனிந்த தலையை நான் விடவில்லை.

பிறகு அவருடைய தாய்மாமன் அவரை ரகசியமாக டவுனுக்குக் கூட்டிப்போனார். மாதத்தில் ஒரு வாரம் ஒரு லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற வைத்தியன். அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தானாம். வாலிபத்தில் செய்த தப்பால் வித்து கரைந்துவிட்டது, ஒரு மண்டலம் லேகியம் தின்னவேண்டும், பெண்டாட்டி பக்கம் போகக்கூடாது, ராப்பகலாக லங்கோட்டை இறுக்கிக் கட்டவேண்டும் என்றானாம். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இறுக்கிக் கட்டிய லங்கோட்டோடு, அந்தத் தூக்கிய சீட்டில், தினம் பதினெட்டு மைல் மிதித்தார். சாயங்காலம் வந்து இறங்கினால் வாசலிலேயே நின்று இரண்டு தொடையையும் தட்டிக்கொண்டிருப்பார். ஒன்றுக்குப் போனால்கூடப் போவது தெரியவில்லை என்றார்.

அதற்குள் மாமியார் போத்தனூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசிவிட்டார். எங்கள் வீட்டு முறைப்படி, இரண்டாவது கட்டுவதென்றால் மூத்தவள் தன் கையால் வெற்றிலைத் தட்டைப் பெண் வீட்டாரிடம் கொடுக்கவேண்டும். கொடுத்தால் பேச்சு முடிந்தது. அப்புறம் நான் அந்த வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவள், அவ்வளவுதான்.

அந்தச் சமயம் மழையில்லாமல் அணை வற்றி, கரண்ட்டை வெட்டினார்கள். பட்டறை மூன்று வாரம் மூடிக்கிடந்தது. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. லங்கோடு உரசிப் புண்ணாகியிருந்ததால் அதையும் அவிழ்த்துப்போட்டார். மூன்றாவது வாரம், மண்டலம் முடியுமுன்னே, அவரே என் பக்கம் வந்தார்.

“தெரியுதுங்களா?” என்றேன்.

“தெரியுது புள்ள” என்று சொல்லி அழுதார்.

லேகியம் வேலை செய்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பட்டறை திறந்தது. திரும்பவும் லங்கோடு, திரும்பவும் சைக்கிள். பத்தே நாளில் பழையபடி மரத்துப்போனது. லேகியம் மட்டும் இரண்டு வேளையும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. கோளாறு லங்கோட்டிலும் அந்தச் சைக்கிள் சீட்டிலும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் அய்யன் கொடுத்த சாமானாயிற்றே என்று அதுவரை என் புத்தி அந்தப் பக்கம் போகவேயில்லை.

அவரிடம் சொன்னேன். சிரித்தார். “ஊரே சைக்கிளுலதான் போகுது. அவனவனுக்கு நாலஞ்சு புள்ளைக.”

“ஊரு சீட்டத் தூக்கி வெக்கலீங்க. லங்கோட்டையும் இறுக்கலீங்க” என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போத்தனூர்க்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, அம்மா. வெற்றிலைத் தட்டு தயாராக இருந்தது.

“அம்மணி, எடுத்துக் குடு. நல்ல நேரம் போகுது” என்றார் மாமியார்.

தட்டை எடுத்து என் வீட்டுக்காரர் காலடியில் வைத்தேன். “கொறை யாருகிட்டன்னு இவரு ஒரு வார்த்தை சொல்லட்டுங்க அத்தை. எங்கிட்டன்னு சொன்னா இப்பவே குடுத்துப்போடறேன்.”

“வாய மூடு. ஊரு சிரிக்கும்.”

“ரெண்டு வருசமா என்னையப் பாத்துச் சிரிச்சுதுங்க. இன்னைக்கு வேற யாரையாச்சும் பாத்துச் சிரிக்கட்டும்.” பெண்ணின் அம்மாவிடம் திரும்பினேன். “உங்க மகள அனுப்புங்க. ரெண்டு வருசம் போனா அவளையும் களருன்னு சொல்லுவாங்க.”

அந்தம்மாள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். “ஏனுங்க தம்பி, இந்தப் புள்ள சொல்றது நெசங்களா?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “சைக்கிள் சீட்டுனாலதானுங்க” என்றார். அதையும் நான் சொல்லிக்கொடுத்ததால் சொன்னார்.

அவர்கள் வெற்றிலை தொடாமல் எழுந்து போனார்கள். மாமியார் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது. அவர் லங்கோட்டை விட்டார், பஸ்ஸில் போனார். அடுத்த வருஷம் மூத்த மகள் பிறந்தாள். பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “நரம்பு ரொம்ப நேரம் அமுங்குனா மரத்துப்போகும்மா. சர்க்கரை வியாதியிலயும் வரும், குடியிலயும் வரும். மனசுல பயம் இருந்தாலும் வரும். இதுக்கும் வித்துக்கும் சம்பந்தமில்ல” என்றார்.

இதையெல்லாம் கேட்ட மனுஷர், குழந்தையைப் பார்க்க வந்த தாய்மாமனிடம் என்ன சொன்னார் தெரியுமா? “லேகியந்தான் மாமா கை குடுத்துது.” சீட்டு என்று சொன்னால் ஆம்பளைக்குக் கேவலமாம். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் ஆட்களில் பாதிப்பேர் லாட்ஜுக்குப் போனார்கள். அவருடைய பெரியப்பா மகனுக்கும் இதே மரப்புதான். ஆனால் அவருக்கு இருந்தது சர்க்கரை. லேகியத்தில் பாதி வெல்லம். தின்று தின்று பாதமும் மரத்து, புண் வந்தது தெரியாமல், கடைசியில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலருகே என் வீட்டுக்காரர் நின்றார். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. பொம்பளை பேச்சு என்றார்கள்.

அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது. சாகிறவரை சோறு போட்டேன். குறை வைக்கவில்லை. குறை வந்ததற்காக அவரை நான் ஒருநாளும் இளப்பமாக நினைத்ததில்லை. மறைத்ததற்குத்தான் எனக்குக் கோபம், அது இன்னும் போகவில்லை. எழுதியாயிற்று, இனி என் பேத்தி படிக்கட்டும்.

அம்மணி, மகன் பெத்த மவராசி, இங்க வந்து உக்காரு. இத மொதல்ல இருந்து எனக்கு ஒருக்காப் படிச்சுக் காட்டு கண்ணு. உங்க தாத்தனுக்குக் கேவலம்னு எந்த வரியையும் முழுங்கிப்போடாத. சத்தமாப் படி.