பதில் தட்டல்

ஃபோனில் அவள் பெயர் அன்னா, மர்பி டவுன் வீட்டில் சாந்தகுமாரி. ஓட்டல் அறை சரியில்லை என்று ஸ்பெயினிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு, பெங்களூரு அலுவலகத்தில் உட்கார்ந்து ஸ்பானிய மொழியில் சமாதானம் சொல்வது அவள் வேலை.

பக்கத்து நாற்காலி ரசியாவுடையது. இருவரும் ஒரே மாலை வகுப்பில் ஸ்பானியம் படித்தவர்கள். சின்ன வயதில் சிவாஜிநகர் மதரசாவில் அரபி ஓதிய ரசியாவுக்கு, புதுப்பாடத்தில் பழைய முகங்கள் தென்பட்டுக்கொண்டே இருந்தன. அரபு ஆட்சி ஸ்பெயினில் முடிந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் சொற்கள் மட்டும் காலி செய்யவில்லை: தலையணைக்கு அல்மொவாதா, சர்க்கரைக்கு அசூகார், எண்ணெய்க்கு அசெய்தே.

"எல்லாம் எங்க வூட்டுச் சாமானுடி," என்பாள்.

அப்படித் தொடங்கியதுதான் அந்த விளையாட்டு. வாடிக்கையாளர் அரபி வேர்ச்சொல் ஒன்றைச் சொன்னால், மியூட் பட்டனை அழுத்திவிட்டு மேசையை ஒரு தட்டு. பக்கத்தில் இருப்பவள் பதிலுக்கு ஒரு தட்டு.

ஒரே ஒரு சொல்லை மட்டும் டீம் லீடர் ராம்கி தடை செய்திருந்தார். ஓஹலா. 'அப்படி நடக்கட்டுமே' என்கிற ஏக்கம் அது. "எங்கம்மா நாளெல்லாம் சொல்ற இன்ஷா அல்லாவுக்குச் சொந்தக்காரி," என்பாள் ரசியா. "கஸ்டமர்கிட்ட ஆசையெல்லாம் சொல்லாதீங்க. தேதி சொல்லுங்க," என்பார் ராம்கி.

ரசியா ஸ்பெயினின் செவில் நகரத்துக் கிளைக்குப் போய் இரண்டு வருடம். இந்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. அவள் திரும்பி வருவாள் என்று அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடாமல் தன் பையை வைத்திருந்தாள் சாந்தகுமாரி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரசியாவிடமிருந்து செய்தி வந்தது. "இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்கடி. சரின்னுட்டேன். கோச்சுக்காத."

படித்து முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு. கிரனாடாவிலிருந்து ஒரு மூதாட்டி. ஓட்டல் அல்மொவாதா கல்லாக இருக்கிறதாம். சாந்தகுமாரியின் விரல் தானாக மேசையைத் தட்டியது. மியூட் போட மறந்துவிட்டாள்.

"அது என்ன சத்தம், மகளே?"

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. விளையாட்டைச் சொன்னாள், பதிலுக்குத் தட்டுகிறவள் அந்த அம்மாளின் நாட்டில் இருப்பதையும் சொன்னாள். கிழவி தலையணையை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வருவாளா?"

ராம்கி இரண்டு மேசை தள்ளித்தான் நின்றிருந்தார். சொல்ல அவளிடம் நம்பகமான தேதி எதுவும் இல்லை.

"ஓஹலா," என்றாள்.

 மறுமுனையில், மரத்தின் மேல் மோதிரம் பட்டதுபோல், ஒரு தட்டு.