ஐந்து திரிப் பொத்தான்

இணையதளம் கட்டும் மென்பொருளை எழுதி விற்றுவிடலாம். வாங்கியவர் "ஒரு சின்ன சந்தேகம்" என்று கூப்பிடுகிற நிமிஷத்தில்தான் தொழில் ஆரம்பிக்கும். அந்தச் சின்ன சந்தேகத்தைக் கேட்டுக் கேட்டுக் காது சூடானவர்களே, நீங்களும் நம்ம ஆட்கள்தான், கிட்டே வந்து உட்காருங்கள்.

எங்கள் கம்பெனி கேரள எல்லைப் பக்கம் உதியன்குளங்கரை ஜங்ஷனில், ஒரு பேக்கரிக்கு மேலே. மொத்தம் மூன்று பேர். என் சித்தி மகன் ஹரி நிரல் எழுதுவான், லேகா பக்கங்களை அழகுபடுத்துவாள், வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது நான். மென்பொருளுக்குப் பந்தல் என்று பெயர். நிரல் தெரியாதவர்களும் அதில் படத்தையும் எழுத்தையும் இழுத்துப் போட்டு ஒரு தளம் கட்டிவிடலாம்.

போன வருஷம் ஹரிக்குக் கொச்சியில் பெரிய வேலை கிடைத்தது. "ஓணம் வரைக்கும் பாப்பேன் அக்கா. இந்த ரண்டு தாலூக்காவைத் தாண்டி ஒருத்தனாவது பந்தலை வாங்கினா இருப்பேன். இல்லேண்ணா போவேன்" என்றான். அவன் போனால் கம்பெனியில் மிச்சம் இருப்பது பெயர்ப்பலகையும், லேகாவின் ஸ்கூட்டரும், என் வாயும்தான்.

கரண்ட் பில்

மென்பொருள் என்று பலகை வைத்தால் வருகிறவர்களில் பாதிப்பேர் போட்டோஸ்டாட் எடுக்கவும் பில் கட்டவும்தான் வருவார்கள். ஒருநாள் பெருங்கடவிளையிலிருந்து ஒரு சேச்சி மாடியேறி வந்து மூச்சு வாங்க நின்றார். கையில் கரண்ட் பில். ஹரி அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, நாங்கள் உலகத்துக்கே மென்பொருள் செய்கிறவர்கள் என்பதை விளக்கினான். சர்வர், மேகம், வலைப்பதிப்பு என்று ஒன்றையும் விடவில்லை. சேச்சி பொறுமையாகக் கேட்டார். லேகா கொடுத்த தண்ணீரையும் குடித்தார்.

"அதொக்கெ நல்ல காரியம்தான் மக்கா, சமயம்போல செய்யுங்கோ. இப்பம் இந்த பில்லைக் கட்டித் தா, பஸ்ஸு வரும்."

பால் காய்ச்சாத வீடு

பாறசாலையில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் தங்கப்பன் பிள்ளைதான் எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர். அவருடைய தளத்தை லேகா சொன்ன நாளுக்கு முன்னாலேயே முடித்தாள். உடனே வெளியிட்டோம். பாராட்டுவார் என்று நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். போனில் வந்தது இடி. துபாயில் இருக்கும் அவர் மச்சினன் தளத்தைப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிடாமல் எப்படித் திறந்தீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறார்.

இங்கே பஸ் ஸ்டாப்பு நிழற்குடைக்கும்கூட மேடை போட்டு, குத்துவிளக்கேற்றி, உத்காடனம் என்று ஒரு திறப்பு விழா நடத்தியாக வேண்டும். அது எங்களுக்கும் தெரியும். ஆனால் இணையதளத்துக்கு அதெல்லாம் கிடையாது, உலக வழக்கமே அப்படித்தான் என்று ஹரி போனை என்னிடமிருந்து பிடுங்கி வாதம் செய்தான். பிள்ளை உலக வழக்கத்தை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டார்.

"எலே, வீடு கெட்டித் தீந்தாலும் பாலு காச்சாத எவனாவது குடியேறுவானா? மூடுலே அதை!"

ஆறாவது விரல்

மூடினோம். விழாவுக்காக ஹரி ஒரு சிவப்புப் பொத்தான் செய்தான். அதை அழுத்தும்வரை தளத்தின் முன்னால் ஒரு பட்டுத்திரைப் படம் தொங்கும், அழுத்தினால் விலகும். இன்னொருமுறை அழுத்தினால் திரும்ப மூடிக்கொள்ளும். ஒத்திகை பார்க்க வசதியாம். நானும் புத்திசாலிப் பையன் என்று மெச்சினேன்.

குத்துவிளக்கை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். நம் மேடைகளில் விளக்கை ஒரே ஆள் ஏற்றுவது கிடையாது. ஐந்து திரிக்கு ஐந்து பிரமுகர், மெழுகுவர்த்தி கைமாறிக்கொண்டே போகும். பொத்தானும் அப்படியே கைமாறியது. பஞ்சாயத்து மெம்பர் அழுத்தினார், பெரிய திரையில் தளம் திறந்தது, கைதட்டல். வியாபாரிகள் சங்கத் தலைவர் அழுத்தினார், மூடியது. அதற்கும் கைதட்டல். மூன்றாமவர் திறந்தார், நான்காமவர் மூடினார், ஐந்தாமவர் திறந்தார். அப்பாடா என்று நான் நிமிர்ந்தபோது, தனக்குத் திரி கிடைக்காத கோபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துபாய் மச்சினன் மேடையேறி வந்து ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார். பட்டுத்திரை விழுந்தது. மைக் அவர் பக்கத்திலேயே இருந்தது.

"நான் தொட்டப்பம் மட்டும் எதுக்கு மூடிச்சு? இது அத்தானுக்க வேலையாக்கும்!"

நோட்டீஸில் இரண்டாவது பெயர்

அதற்கப்புறம் ஹரி பொத்தானையே விளக்காக மாற்றிவிட்டான். திரையில் ஐந்து திரி. ஒவ்வொரு பிரமுகரும் தன் போனில் தன் திரியைத் தொட வேண்டும். எரிந்த திரி அணையாது. எல்லாம் எரிந்தால்தான் தளம் திறக்கும். திருப்புறத்தில் கலா சமிதி என்று ஒரு கலைச் சங்கம் அதை ஆசை ஆசையாக வாங்கியது.

விழா நாளில் நான்கு திரி எரிந்தது. ஐந்தாவது திரிக்காரர், ரிட்டயர்டு சூப்பிரண்டு சுகுமாரன் நாயர், வரவில்லை. நோட்டீஸில் அவர் பெயர் இரண்டாவதாக அச்சாகிவிட்டதாம். போனையும் எடுக்கவில்லை. செண்டைக்காரர்கள் கொட்டிக் கொட்டிக் களைத்துப்போனார்கள். வேறு வழியில் திறக்க முடியாதா என்று ஹரியிடம் கேட்டேன். இனிமேல் யாரும் ஏமாற்றக் கூடாது என்று அந்த வழியை அடைத்ததே அவன்தானாம். நான் பல்லைக் கடித்தேன், லேகா ஸ்கூட்டரை எடுத்தாள். நாயர் இஸ்திரி கலையாத சட்டையோடும் செண்டு வாசனையோடும் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாராம். திரியைத் தொட்டுவிட்டு அவர் சொன்னதை லேகா அப்படியே வந்து ஒப்பித்தாள்.

"இந்த சுகுமாரன் இல்லாத ஒண்ணும் திறக்காதுண்ணு இப்பம் எல்லாருக்கும் மனசிலாச்சா மோளே?"

வெளிநாட்டுத் திரி

ஓணம் நெருங்கிவிட்டது. ஹரி பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தான். அந்த நேரம் பார்த்து, இணையத்தில் எங்களைக் கண்டுபிடித்த ஒரு ஐரோப்பியப் பதிப்பகம், பந்தலை வீடியோ வழியாகக் காட்டச் சொன்னது. "எலே, அந்த விளக்கை மறைச்சு வை, மானம் போவும்" என்று ஹரியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். மறைத்தாயிற்று என்றான். மறைக்கவில்லை. வெளியிடும் இடத்துக்கு வந்ததும் ஐந்து திரியோடு விளக்கு முளைத்து நின்றது.

எதிர்முனையில் கண்ணாடி போட்ட அம்மாள், இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஹரியின் முகம் வெளுத்துவிட்டது. இனி இவன் போய்விடுவான் என்று முடிவுகட்டினேன். போகிறதுதான் போகிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்: எங்கள் ஊரில் முக்கியஸ்தர் எல்லாரும் தொடாமல் எதுவும் திறக்காது, ஒருவர் பிணங்கினாலும் அப்படியே நிற்கும். அம்மாள் சிரிக்கவில்லை. அவர்கள் ஆபீசில் யாராவது ஒருவர் மற்றவர்களைக் கேட்காமல் பக்கத்தை வெளியிடுவதும், எல்லாப் பிரிவும் சண்டைக்கு வருவதும் வாடிக்கையாம். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கள் சட்டப் பிரிவுக்காரருக்கு முதல் திரியைக் கொடுக்க முடியுமா? இல்லையென்றால் கோபித்துக்கொள்வார்."

முதல் புகார்

வாங்கிவிட்டார்கள். ஹரி கொச்சிக்குப் போன் போட்டு, வேலைக்கு வரவில்லை என்று சொன்னான். நான் கீழே பேக்கரிக்குப் போய்ச் சூடாகப் பழம்பொரி வாங்கி வந்தேன். வரும் வழியில் மாடிப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷம்தான், வேறென்ன.

ஓணம் கழிந்து அந்த அம்மாளிடமிருந்து முதல் புகார் வந்தது. மற்ற எல்லாத் திரியும் எரிகிறது. சட்டப் பிரிவுக்காரர் எதற்கோ கோபித்துக்கொண்டு லீவு போட்டு மலைக்குப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை, தளம் திறக்கவில்லை. பழக்கதோஷத்தில் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்த லேகா, அதைத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

"அக்கா, இவருக்க வீடு திருப்புறத்தில இல்லையே. ஸ்கூட்டரில போவ ஒக்காது, பாத்துக்கோ."

ஆக, மென்பொருள் விற்கிறோம் என்று பலகைதான் சொல்கிறது. பிணங்கிப் போன பெரிய மனிதர்களை உலகம் முழுக்கத் தேடிப் பிடித்து ஒரு திரியைத் தொடவைப்பதுதான் எங்கள் பிழைப்பு.