சுட்ட மண் நாய்

லவால் நகரில் மகள் வீட்டில், என் கட்டிலருகே ஒரு சுட்ட மண் நாய் இருக்கிறது. கொழுத்த வயிறு, குட்டைக் கால்கள். கொலம்பஸ் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னர், மெக்சிக்கோவின் மேற்கில், இறந்த ஒருவருக்கு வழித்துணையாகப் புதைத்தது. என் எசமானி இறந்தபின் அவருடைய மருமகள், “போலிதானே, வைத்திருங்கள்” என்று தந்தாள். அது போலி அல்ல. அப்படி ஆக்கியவன் நான்.

யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்த நான், இரண்டாயிரத்துக்குப் பின்வந்த வருடங்களில் நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் தனியாக வாழ்ந்த அந்த மூதாட்டியின் வீட்டைத் துப்புரவு செய்து வந்தேன். மடாம் என்றுதான் கூப்பிடுவேன். பதினொரு பழைய மண்ணுருவங்கள் சேர்த்திருந்தார். முதலாவது இந்த நாய். திருமணத்துக்கு முன் கணவர் கொடுத்தது. “காய்ந்த தூரிகையால் மட்டும் தூசு தட்டு” என்பார். கண் மங்கிய முதுமையில், எல்லாவற்றையும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்பி, மதிப்பிடுகிறவரை வரச்சொன்னார்.

விருந்தாளி வருகிறார் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. நாயின் வயிற்றில் வெள்ளையாய்ச் சுண்ணாம்புப் படிவு, அதில் கறுப்புப் புள்ளிகள். பொங்கலுக்கு முன் பித்தளை விளக்கைத் தேசிக்காய் போட்டுத் துலக்குவது எங்கள் வழக்கம். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும் என்று நூறு வகுப்புகளில் சொன்னவன் நான். அரை மணித்தியாலத்தில் நாய் பளிச்சென்று ஆனது.

வந்தவர் மற்றப் பத்து உருவங்களிலும் இருந்த படிவைக் காட்டி, மண்ணுக்குள் கிடந்ததற்கு அதுவே சாட்சி என்றார். நாயைப் புரட்டினார். “இதில் ஒன்றுமில்லை, மடாம். அண்மையில் செய்தது.”

மடாம் சிரித்தார். “கெட்டிக்காரன் என் கணவன். சாகும்வரை பழையது என்றே சாதித்தான்.” பிறகு சிரிப்பு நின்றது. “வேறு என்னென்ன பொய் சொன்னானோ!”

நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். “உடனை போய்ச் சொல்லுங்கோ. மனுசி செத்த மனுசனைப் பிழையா நினைக்குது” என்றாள்.

“வேலை போயிடும். பேந்து சொல்லுறன்.”

“பொய் சொன்ன பெடியளுக்கு வகுப்பிலை பிரம்பு எடுத்தனீங்களெல்லோ? இப்ப எங்கை அந்தப் பிரம்பு?”

மறுநாள் சொல்லத்தான் போனேன். மடாம் வரவேற்பறையில், கணவரின் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். “அதைக் கழற்றி எங்காவது வை” என்றார். நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றினேன்.

“மெர்சி” என்று நன்றி சொன்னார். “நீ ஒருவனாவது என்னிடம் நேர்மையாக இருக்கிறாய்.”