கரியப்பன் மாஸ்டரும் ஐந்து பள்ளிச் சங்கமும்

ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் ஓட்டப் பந்தயமும் சடுகுடுவும் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது கரியப்பன் டிரில் மாஸ்டராக வந்த பிறகுதான். மூக்கண்டப்பள்ளியில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். யுத்த காலத்தில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி, உடற்பயிற்சி ஆசிரியருக்குப் படித்து, 1951இல் ஓசூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்த வருஷமே ஐந்து பள்ளிகளைச் சேர்த்து ஒரு விளையாட்டுச் சங்கம் வைத்து, அதற்குச் செயலாளராகவும் இருந்தார். இந்தப் பக்கம் ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி. மைசூர் ராஜ்யத்தில் ஆனேக்கல்லும் அத்திப்பள்ளியும். எல்லை என்பது அப்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுகிற விஷயம். பையன்கள் ஒரே வாயில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசித் திட்டிக்கொண்டார்கள். மூன்று மொழியிலும் விசில் ஒன்றுதான்.

ஆனேக்கல் டிரில் மாஸ்டர் பெயர் நாராயணப்பன். முதல் வருஷப் போட்டி முடிந்தபோது அவருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. கரியப்பனோடு ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கிற வாத்தியார்கள் யாரும் அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. நாராயணப்பன், "உங்க மனேல ஒரு மூலை இல்லயா கரியப்பா?" என்று கேட்டுக்கொண்டே கூட நடந்தார். கரியப்பன் மனைவி முனிலட்சுமி தயங்கித் தயங்கித்தான் களியும் கீரையும் வைத்தாள். அவர் இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி.

1956 கடைசியில் மாநிலங்களைப் பிரித்தார்கள். ஓசூர் யாருக்கு என்று டீக்கடைகளில் வாய்ச்சண்டை நடந்த காலம். அவரவர் மாநிலப் பள்ளிகளோடு மட்டும்தான் போட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பக்கமும் உத்தரவு வந்தது. ஆனேக்கல்லும் அத்திப்பள்ளியும் சங்கத்தை விட்டு விலகின.

விலகினதோடு விஷயம் முடியவில்லை. சங்கத்தின் சுழற்கேடயம் ஆனேக்கல்லில் இருந்தது. அவர்கள் அதை இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்திருந்தார்கள். மூன்றாவது வருஷமும் ஜெயித்தால் அது அவர்களுக்கே சொந்தம் என்பது விதி. ஓசூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் கோவிந்தப்பன்தான் சங்கத்துக்குத் தலைவர். கரியப்பனைக் கூப்பிட்டார்.

"நம்ம கேடயம் மைசூர்க்காரங்க அலமாரில கெடக்குது. போய் வாங்கிக்கினு வாங்க மாஸ்டர்."

கரியப்பன் பஸ் ஏறிப் போனார். நாராயணப்பன் கேடயத்தைத் துடைத்து மேஜையில் வைத்தார். ஆனால் கையில் கொடுக்கவில்லை.

"ஏனப்பா, எங்க ஹுடுகரு, எங்க பசங்க, ஓடி கெலிச்சது இது. இன்னொருத்தரு ஓடி கெலிச்சா தர்றேன். கேட்டா தரமாட்டேன்."

கரியப்பனுக்குக் கோபம் வரவில்லை. தானே அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது. திரும்பி வந்து அப்படியே சொன்னார். கோவிந்தப்பன் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"ஞாயித்துக்கெழம பசங்க எங்க ஓடறாங்கன்னு நான் கேக்கறதில்ல. ஆனா கேடயம் வந்து சேரணும்."

எல்லையை ஒட்டின ஜூஜுவாடியில் எல்லப்பன் என்கிற குடியானவருக்கு ராகி அறுத்த நிலம் சும்மா கிடந்தது. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஓசூருக்கும் ஆனேக்கல்லுக்கும் மட்டும் போட்டி. விஷயம் தெரிந்து சந்தைக்கு வருகிற மாதிரி ஜனம் வந்துவிட்டது. கோவிந்தப்பனும் குடை பிடித்துக்கொண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றார்.

கடைசியில் இரண்டு பள்ளிக்கும் புள்ளி சமமாக நின்றது. தொடர் ஓட்டம் ஒன்றுதான் பாக்கி. நாராயணப்பன் தொடக்கத்தில் நின்று விசில் ஊதினார். கரியப்பன் முடிவுக் கோட்டில் நின்றார். கடைசிச் சுற்றில் இரண்டு பையன்களும் தோளோடு தோளாக வந்தார்கள். புழுதி எழும்பியது. நூல் அறுந்தது. யார் அறுத்தது என்று ஜனத்துக்குத் தெரியவில்லை.

"ஓசூரு! ஓசூரு!" என்று கத்தினார்கள். நாராயணப்பன் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். "ஏன் கரியப்பா, யாரு?" என்று மூச்சிரைக்கக் கேட்டார். அவர் பார்த்திருக்க முடியாது. கரியப்பன் என்ன சொன்னாலும் ஒத்துக்கொண்டிருப்பார். அதுதான் கரியப்பனுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனேக்கல் பையனின் மார்புதான் முதலில் நூலில் பட்டது. கரியப்பன் அதைக் கண்ணால் பார்த்தார்.

"ஆனேக்கல்" என்றார்.

உடனே மண்கட்டிகள் பறந்தன. "கேடயத்தக் கொண்டாடான்னா தூக்கிக் குடுத்துட்டு வரியே, உன்ன எந்த ஊரான்னு சொல்றது?" என்று ஒருவன் சட்டையைப் பிடித்தான். நாராயணப்பனும் எல்லப்பனும் நடுவில் புகுந்து விலக்கினார்கள். புளியமரத்தடியில் குடையைக் காணோம்.

அனுமதி இல்லாமல் வேறு மாநிலப் பள்ளியோடு எப்படிப் போட்டி நடந்தது என்று மேலே இருந்து விசாரணை வந்தது. கோவிந்தப்பன் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கரியப்பன் எதிர்த்துப் பேசவில்லை. செயலாளர் பதவி போயிற்று. நாகரசம்பட்டியில் புதிதாக உயர்நிலையாக்கிய பள்ளிக்கு மாற்றினார்கள்.

சாமான்களை மூட்டை கட்டும்போது முனிலட்சுமி கேட்டாள்: "ஏங்க, ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாங்கன்னு சொல்லியிருந்தா ஆவாதா?"

"சொல்லியிருக்கலாம். சொல்ல வரல."

மாற்றத்தைவிட, புளியமரத்தடியிலிருந்து நழுவிப்போன அந்தக் குடைதான் அவரை அரித்தது.

நாகரசம்பட்டிப் பள்ளிக்கு மைதானமே கிடையாது. செல்வம்மாள் என்கிற நிலக்காரி தன் மாந்தோப்பை ஒட்டின தரிசை விட்டுக் கொடுத்தார். "காய்க்குக் கல்லடிச்சாங்கன்னா அன்னிக்கே வேலி போட்டுருவேன்" என்று மட்டும் சொன்னார். கரியப்பனும் பையன்களும் முள் வெட்டி, கல் பொறுக்கிச் சமன் செய்தார்கள்.

1958இல் சங்கம் புதுப் பள்ளிகளைச் சேர்த்துக்கொள்வதற்காகக் கூடியது. தான் தொடங்கின சங்கத்தில் இடம் கேட்டு கரியப்பன் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர், "இவர் இருக்கற பள்ளி நமக்கு எதுக்கு? பழைய தகராறு போதாதா?" என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கோவிந்தப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு நானும் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். ஆனேக்கல் பையன்தான் முந்தினான். நாகரசம்பட்டி சேரட்டும்."

கரியப்பன் எழுந்து வணக்கம் சொன்னார். ஒரு வருஷத்துக் கோபம் அந்த ஒரு பேச்சில் கரைந்துவிடவில்லை.

அந்த வருஷப் போட்டி கிருஷ்ணகிரியில் நடந்தது. நாகரசம்பட்டிதான் கடைசி. சடுகுடுவில் மட்டும் ஓர் ஆட்டம் ஜெயித்தார்கள். அதற்கே பையன்கள் மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். வேடிக்கை பார்க்க ஆனேக்கல்லிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்த நாராயணப்பன், "இறக்குங்கோ, இடுப்பு போயிடும்!" என்று சிரித்துக்கொண்டே கத்தினார். பிறகு அவரும் கரியப்பனும் முனிலட்சுமியுமாக, அவள் கட்டி வந்த சோற்றை வேப்பமரத்து நிழலில் பிரித்து உட்கார்ந்தார்கள்.