பறக்காத தாராக்கள்

எண்பதுகளில் நான் கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாண வேலை இல்லாத நாட்களில் பறவைக் கூட்டங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது என் பைத்தியம். கமெராச் சத்தம் கேட்டாலே கூட்டம் எழும்பிவிடும், லேசில் அகப்படாது.

ஒரு விதைப்புக் காலத்தில் மனைவியின் தம்பியோடு வரிப்பத்தான்சேனைப் பக்கம் போனேன். யாரோ ஒருவருடைய வயல் நிறையக் காட்டுத் தாரா, காட்டு வாத்துக் கூட்டம். கிட்டப் போயும் ஒன்றும் பறக்கவில்லை. வாய்த்த அதிர்ஷ்டம் என்று ஒரு ரோலையே முடித்தேன். மச்சினன் வெறுங்கையால் நாலைந்தைப் பிடித்தான்.

"என்னடா, ஓடவும் இல்லையே?" என்றேன்.

"உசிரோடதானே இரிக்கி மச்சான். பிஸ்மி சொல்லி அறுத்தா ஹலால்தான்."

வீட்டில் கறி கொதிக்க, நான் இருட்டறையில் படம் கழுவினேன். கடதாசியில் உருவம் தெளியத் தெளிய, வயலில் கவனிக்காதது கண்ணில் பட்டது. தலைகள் தண்ணீருக்குள் தொங்கின. சிறகுகள் விரிந்து கிடந்தன. விதைநெல் தின்ன வரும் பறவைகளுக்கென்று யாரோ பூச்சிமருந்து கலந்த நெல் போட்டிருக்கிறார்கள்!

"கறியைத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பிள்ளைகளுக்கு இன்னும் சோறு போடவில்லை. மச்சினன் மட்டும் பொரித்த ஈரலை முதலே தின்றிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

இப்போது கூட்டத்தைக் கண்டால் முதலில் கைதட்டுவேன். எழும்பாவிட்டால் கமெராவை மூடிவிட்டு வயல்காரரைத் தேடிப் போவேன்.

அன்று எடுத்த படங்களை ஒருவருக்கும் காட்டியதில்லை. பார்ப்பவர்கள் அழகு என்று சொல்லிவிடுவார்கள்.